ஏழு மணிக்கே இருட்டும் ஊர்

மே 11, சத்துவாச்சாரி, வேலூர்

வாலாஜாவைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது மணி ஆறு இருபது. ஆற்றில் மணலும் சீமைக் கருவேலமும்தான். நேர் எதிரே மேற்கில் சூரியன், கண்ணைத் திறக்க விடவில்லை. மேல்விஷாரம் வரும்போது பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்டது. ரத்தினகிரிக்கு வந்தால் எல்லா வண்டியிலும் விளக்குப் போட்டாயிற்று. பின்சீட்டில் என் மகன், ஒன்பது வயது, ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டான்: "அம்மா, இப்பதானே சூரியன் இருந்தது? அதுக்குள்ள எப்படி ராத்திரி?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரத்தில். ஒன்பது வருடமாக அங்கே நர்ஸ் வேலை எனக்கு. முந்தாநாள் அங்கே சூரியன் மறையும்போது இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிட்டது. மறைந்த பிறகும் வெகுநேரம் வெளிச்சம் போகவில்லை. அங்கே சூரியன் சரிவில் சறுக்குவதுபோல அடிவானத்தை ஒட்டியே நெடுந்தூரம் போய்த்தான் இறங்கும். வேலூரில் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராக இறங்கிவிடும். இறங்கி அரை மணியில் தெரு கறுத்துவிடும்.

ஜூன் 21 வாக்கில் அபர்டீனில் காலை நாலே காலுக்குள் உதயம், இரவு பத்துக்கு மேல் அஸ்தமனம். பதினேழே முக்கால் மணி நேரத்துக்கும் மேலே பகல். மிச்சமிருக்கிற ஆறு மணி நேரமாவது இருட்டா என்றால் அதுவும் இல்லை. நள்ளிரவில்கூடச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே பத்துப் பாகை இறங்குவதில்லை. வடக்குப் பக்கம் வானம் விடிய விடிய வெளுத்தே கிடக்கும். அங்கே எனக்கு மேல்விஷாரத்துத் தோழி ஒருத்தி இருக்கிறாள். 2018இல் நோன்பு மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவரை வந்தது. பசிகூடப் பழகிவிட்டது என்பாள். அந்திச் செம்மை போன பிறகுதான் இஷா என்கிற இராத் தொழுகை, அந்தச் செம்மை போகவே மாட்டேன் என்கிறதே என்பதுதான் அவளுடைய பெரிய குழப்பமாக இருந்தது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணமே அதனால்தான். போன ஜூனில் மூன்று வாரம், ஒரு ராத்திரிகூட நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. மூன்று மணிக்கே கூரைமேல் கடற்காகங்கள் கத்தத் தொடங்கிவிடும், திரைச்சீலை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அப்படி ஒரு காலையில் ஒரு பெரியவருக்கு இன்சுலின் எடுக்கும்போது அளவைக் கூடுதலாக ஏற்றிவிட்டேன். ஊசி போடும்முன் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கூட இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க விரல் நடுக்கம் நிற்கவில்லை.

இந்த வருடம் ஜூனுக்கு முன்னால் ஒரு தரம் நல்ல இருட்டில் தூங்கிவிட்டு வர வேண்டும் என்று கிளம்பினேன். அக்னி நட்சத்திரத்தில் யாராவது வேலூருக்குப் போவார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். மகனுக்குப் பள்ளி நடக்கிற காலம், விடுப்பு வாங்கித்தான் கூட்டி வந்தேன்.

அம்மா விளக்கேற்றி வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி.

"அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெயிலுன்றியே, வெளக்கு எப்பம்மா ஏத்துவ?"

"ஏழு மணிக்கு. கடிகாரத்தப் பாத்துதான்."

"வெயில் அடிக்கச் சொல்லயேவா?"

"ஆமா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தி சாயறதுக்கு முன்னாடி ஏத்துனா அது எப்டி அந்தி வெளக்கு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மே 12

நான் செய்த தப்பை முதலில் எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும்.

ராத்திரி மூன்று மணி வரை தூக்கமில்லை. ஐந்தரைக்கு எழுந்து, காலை வெளிச்சம் பட்டால் உடம்பு சரியாகிவிடும் என்று ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனேன். அகழி ஓரமாக ஒரு சுற்று. கோட்டைச் சுவரின் கருங்கல்லைத் தொட்டால் விடிகாலையிலும் வெதுவெதுப்பு. அபர்டீனும் கருங்கல் ஊர்தான். மழை நின்று வெயில் அடித்தால் அங்கே கட்டடமெல்லாம் மினுமினுக்கும். ஆனால் அந்தக் கல் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். ஜலகண்டேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாமி இல்லாத கோயில் என்று ஊரே சொன்ன கோயில். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்துதான் லிங்கத்தைக் கொண்டுபோய் மறுபடி வைத்தார்கள். எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது.

தப்பு என்ன என்றால், வேலூரில் காலை ஆறு மணி என்பது என் உடம்புக்கு இன்னும் நள்ளிரவு ஒன்றரை. மூளைக்கு அடியில், இரண்டு கண்நரம்புகளும் குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணி அளவுக்கு ஒரு நரம்புத் திரள் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். ஊர் மாறினால் அது உடனே மாறாது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் மெல்ல மெல்லத்தான் நகரும். நாம் வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்புச் சூடு மிகத் தாழ்ந்து நிற்கும். அதற்குப் பிறகு வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னே நகரும். அதற்கு முன்னால் பட்டால், இன்னும் பொழுது போகவில்லை என்று எடுத்துக்கொண்டு பின்னே நகரும். எனக்கு அந்தப் புள்ளி அபர்டீனில் காலை நாலு மணி, இங்கே எட்டரை. எட்டரைக்கு முன்னால் வெளிச்சத்துக்குப் போயிருக்கக் கூடாது. நல்லது என்று நினைத்து, நகர வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகத் தள்ளிவிட்டேன். நாளைக்கு எட்டரை வரை ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் வெளியே உட்காரப் போகிறேன். வெயிலில் இல்லை, வேப்பமர நிழலில். நிழலுக்கே போதுமான வெளிச்சம் உண்டு.

சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கா வீட்டுத் தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நிற்கிறது. ஆறு மணிக்கு மகனை அதன் அடியில் நிறுத்தி, தாழ்ந்திருந்த ஒரு கிளையைக் காட்டினேன். ஒரு காம்பின் இரண்டு பக்கமும் விரித்த உள்ளங்கை மாதிரி சிற்றிலைகள். பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் நடப்பதாகத் தெரியாது. கீழே பஜ்ஜிக் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இலைகள் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆறே முக்காலுக்கு ஒவ்வொரு ஜோடியும் கைகூப்பின மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. மதியம் வானமே தெரியாமல் அடர்ந்திருந்த மரத்துக்குள்ளே இப்போது ஓட்டை ஓட்டையாக வானம்.

"யார் சொன்னாங்க அதுக்கு?" என்றான்.

1729இல் பிரான்சில் தெ மெரான் என்ற வானவியலாளருக்கும் அந்தக் கேள்விதான் வந்தது. இப்படி இலை மூடுகிற தொட்டாச்சிணுங்கி வகைச் செடியை வெயிலே படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது காலையில் விரித்தது, மாலையில் மூடியது. வெளியே சூரியன் இல்லாமலே உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது ஒரு தடயம், ஆனால் அது கடிகாரம்தான் என்று பிற்காலத்தில்தான் தெரிந்தது. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று ஈக்களை வைத்து மரபணு வரைக்கும் போய்ப் பார்த்த மூன்று பேருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் ஊரில் இதெல்லாம் தெரியாமலேயே அந்த மரத்துக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். யார் வைத்தாரோ, அவர் சாயங்காலங்களில் ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பின ஆளாக இருக்க வேண்டும்.

மே 13

வெயில் நாற்பதைத் தாண்டியது. மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட இல்லை.

வேலூரை வெயிலூர் என்று சொல்வதற்குக் காரணம் ஊரைச் சுற்றி நிற்கிற இந்த மொட்டைப் பாறை மலைகள்தான் என்று அப்பா சொல்வார். பகலெல்லாம் பாறை சூட்டைக் குடிக்கும், ராத்திரியெல்லாம் கக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரிலிருந்து பார்த்தால் மலை நேராக எழுந்து நிற்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால் அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கிறது.

ஆகவே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கே இருட்டு கிடைக்கிறது, ஆனால் தூக்கத்துக்கு இருட்டு மட்டும் போதாது. தூங்கப் போகும்போது உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். கை, கால், தோல் வழியாகச் சூட்டை வெளியே விட்டுத்தான் உடம்பு அதைச் செய்கிறது. அறையே உடம்பைவிடச் சூடாக இருந்தால் எங்கே கொண்டுபோய் விடும்? அபர்டீனில் குளிர்ச்சி உண்டு, இருட்டு இல்லை. வேலூரில் இருட்டு உண்டு, குளிர்ச்சி இல்லை.

அம்மாவுக்கு இதற்கு வழி தெரியும். எங்கள் பக்கத்தில் மொட்டை மாடியை 'மெத்தை' என்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு வாளி தண்ணீரை மெத்தையில் ஊற்றினாள். முதல் வாளி விழுந்ததும் தளம் உஸ்ஸென்றது, சுண்ணாம்பு மணக்க ஆவி எழும்பியது. இரண்டாவது வாளியும் நிற்காமல் காய்ந்தது. மூன்றாவதிலிருந்துதான் ஈரம் தங்கியது. எட்டரை வரை யாரையும் படியேற விடவில்லை. அதற்குள் கேவுரு கூழும் மோர் மிளகாயும் சாப்பிட்டாயிற்று. கோரைப் பாய், மேலே பழைய நூல் புடவை நாலு மடிப்பு, கொசுவலை. கால் இரண்டையும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு படுக்கச் சொன்னாள். நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் ஈரம் சீக்கிரம் பறக்கும், பறக்கும்போது சூட்டையும் கொண்டுபோகும். கடலோரத்துக் கசகசப்பில் இந்த வித்தை இவ்வளவு பலிக்காது.

பத்தரைக்கெல்லாம் தூங்கியிருக்கிறேன். எழுந்தபோது வெளுத்துக்கொண்டிருந்தது.

மே 14, விடிந்தால் 15

கணியம்பாடிக்குத் தெற்கே அம்மா பிறந்த ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம். மதியத்தில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. இன்றைக்கு அர்ச்சுனன் தபசு. தூங்க வந்தவள் கூத்துக்குப் போகலாமா என்று அக்கா கேட்டாள். வருடத்துக்கு ஒரு ராத்திரி மனசார விழிப்பதும், தினம் தினம் தூக்கம் களவு போவதும் ஒன்றல்ல.

பத்து மணிக்கு மேளக்கட்டு. முகவீணை எடுத்தவுடனே எனக்குத் தொண்டை அடைத்தது, அந்தச் சத்தத்தை ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை. கட்டியங்காரன் வந்து கூட்டத்தைக் கலகலக்க வைத்துவிட்டுப் போனான். வேடம் கட்டுகிற கொட்டகைக்குள் மகனைக் கூட்டிப்போனேன். அர்ச்சுனனுக்குப் புஜக்கட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மகனைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார், முகத்து அரிதாரம் அசையவில்லை.

ராத்திரி மூன்று, மூன்றரை. இராப்பணி பார்க்கிற எங்களுக்கெல்லாம் அந்த நேரத்தை நன்றாகத் தெரியும். உடம்பு ஜில்லிடும், எழுத்து மங்கும், தப்பு நடந்தால் அப்போதுதான் நடக்கும். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் பாய் விரித்த பிள்ளைகள் அத்தனை பேரும் தூக்கம். பத்தடி தூரத்தில் மிருதங்கம், தாளம், மேலே எரிகிற விளக்கு, எதுவும் அவர்களை எழுப்பவில்லை. எனக்கு நேர் முன்னால் ஒரு அம்மா, அர்ச்சுனன் மேலிருந்து கண்ணை எடுக்காமலே முந்தானையை எடுத்து, மடியில் கிடந்த பெண்ணின் கண்ணுக்கு மேலே போட்டாள். காற்றில் விலகும்போதெல்லாம் பார்க்காமலே இழுத்துவிட்டாள். வாயையும் மூக்கையும் மூடாமல் கண்ணை மட்டும் மூடத் தெரிந்த கை.

கிழக்கு வெளுக்கும்போது அர்ச்சுனன் தபசு மரம் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விழ, பிள்ளை வரம் கேட்டு நின்ற பெண்கள் முந்தானையை ஏந்தினார்கள்.

மே 15

வைகாசி ஒன்று. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது. நாங்கள் எங்கும் போகவில்லை. மதியம் ஒன்றரை மணி நேரம் மட்டும் தூங்கினேன். அதற்குமேல் தூங்கினால் ராத்திரி கெடும்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். நர்சிங் முடித்துவிட்டு ஆகஸ்டில் அயர்லாந்து போகிறாள். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளியும் தொடங்கிய ஊர் இது, தெருவுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருக்கிறோம். குளிருக்கு ஸ்வெட்டர், அரிசிக்குக் குக்கர் என்று எல்லோரும் அவளுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் தூக்கம் போனபோது வீட்டு ஏக்கம் என்று நினைத்து அழுதேன்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். போனதும் படுக்கையறை ஜன்னலை அளந்து, வெளிச்சம் புகாத கனத்த திரை வாங்கு. திரையைவிட முக்கியம் அதன் ஓரம். சுவருக்கும் துணிக்கும் நடுவில் விரலளவு இடுக்கு இருந்தாலும் விடிகாலையிலேயே வெயில் அதில் கத்தியாக நுழையும். வெல்க்ரோ பட்டை வைத்துச் சுற்றிலும் ஒட்டு. கையில் காசு இல்லாத முதல் மாதத்தில் சமையலுக்கு வாங்குகிற அலுமினியத் தாளைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள், நான் அப்படித்தான் செய்தேன். இராப்பணி முடிந்து வீட்டுக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், யார் என்ன நினைத்தாலும் சரி. வண்டி ஓட்டினால் மட்டும் வேண்டாம், தூக்கத்தோடு அதுவும் சேரக் கூடாது. படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் வெளியே எவ்வளவு பகலாக இருந்தாலும் திரையை இழுத்து மூடி, மஞ்சள் விளக்கு ஒன்றோடு உட்கார். போன் அதற்குள் போய்விட வேண்டும். கண்ணுக்குள்ளே பார்வைக்கு அல்லாமல் வெளிச்சம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்வதற்கே சில செல்கள் இருக்கின்றன. நீல வெளிச்சம்தான் அவற்றை அதிகமாக எழுப்பும். நடுப்பகல் வானத்திலும் அதுதான், போன் திரையிலும் அதுதான்.

"மெலடோனின் மாத்திரை எடுத்துனு போலாமாக்கா?" என்று கேட்டாள். நான் இருக்கிற பிரிட்டனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். தன்னிஷ்டத்துக்குப் போடுகிற பொருளும் இல்லை. அது தூக்கத்தைக் கொண்டுவந்து ஊற்றுகிற மருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். இருட்டிவிட்டது என்று உடம்புக்குள்ளே போகிற செய்தி அது, அவ்வளவுதான். அறையில் பளிச்சென்று விளக்கை எரியவிட்டுக்கொண்டு அந்தச் செய்தியை மட்டும் விழுங்கினால் உடம்பு யாரை நம்பும்?

எழுகிற நேரத்தை மாற்றாதே என்றும் சொன்னேன். அதுதான் கடைப்பிடிக்கக் கடினம். கோடையில் அபர்டீனில் பத்து மணிக்கும் பிள்ளைகள் பூங்காவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்குள் போக யாருக்கும் மனசு வராது. மாதக்கணக்கில் இருண்டு கிடந்த ஜனங்கள் அவர்கள். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூடப் பகல் இல்லை. அந்த வெளிச்சத்தை அவர்கள் கொண்டாடுவதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

மே 16, காவலூர்

இந்த நாளுக்காகத்தான் அமாவாசையைப் பார்த்துத் தேதி குறித்தேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, அங்கிருந்து திரும்பி ஆலங்காயம், அப்புறம் ஜவ்வாது மலை ஏற்றம். மாமா வண்டி ஓட்டினார். வளைவுக்கு வளைவு காற்று மாறியது. மேலே மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் குவிமாடம். 1968இல் வானவியலாளர் வைணு பாப்பு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து இங்கே இந்த வானாய்வகத்தை ஆரம்பித்தார். 2.3 மீட்டர் தொலைநோக்கி வேண்டும் என்று உழைத்தவர், அது தயாராகும் முன்னால் 1982இல் போய்ச் சேர்ந்துவிட்டார். 1986இல் அது வந்தபோது ஆய்வகத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர். இருட்டைத் தேடித்தான் அவர்கள் இந்த மலைக்கு வந்தார்கள். நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது அந்தக் குவிமாடத்தின்மேல் ஒரு சொந்தம் உண்டானது.

மாமாவுக்குத் தெரிந்த பெரியவர் வீட்டில் தங்கினோம். அந்தக் காலத்தில் இராப்பணி பார்த்தவர். சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், பகலில் எப்படித் தூங்கினீர்கள் என்று.

"எங்க வீட்டம்மா ஜன்னலுக்குக் கம்பளி கட்டிடுவாம்மா. ரெண்டு கம்பளி. கதவுக்குக் கீழ சந்துல கோணி. கோழியக்கூட அந்தப் பக்கம் வுடமாட்டா."

உள்ளேயிருந்து அந்த அம்மா சொன்னார்: "முப்பது வருசம். இன்னும் அந்த ஆணி கீது பாரு."

போய்ப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஐந்து ஆணிகள், தலை தேய்ந்து பளபளப்பாக. கம்பளித் துவாரம் நாள்தோறும் மாட்டிக் கழற்றிய தேய்மானம். அபர்டீனில் என் ஜன்னலைச் சுற்றி நான் ஒட்டிய வெல்க்ரோ பட்டை ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

எட்டு மணிக்கு மேல் முற்றத்தில் விளக்கை அணைத்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகக் கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஒன்பது மணிக்குத் தெற்கே, மரத்தலைகளுக்குக் கொஞ்சம் மேலே, நாலு நட்சத்திரம் சிலுவையாக நின்றது. திரிசங்கு. அபர்டீனிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. தென்கிழக்கில் விருச்சிகம் ஏறிக்கொண்டிருந்தது. நேரம் ஆக ஆகக் கொடுக்கு முழுசாக வெளியே வந்தது. அந்தக் கொடுக்கும் அங்கே அடிவானத்துக்கு மேலே வராது. என் மகன் பிறந்ததிலிருந்து ஜூன் மாத நட்சத்திரம் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பேசாமல், என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நம்மவர்கள் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தார்கள். மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது அது வெறும் பட்டியல். ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் எனக்குத் தொலைந்துபோவது யாமம் என்று இந்த மலையில் படுத்திருக்கும்போதுதான் தெரிந்தது. அங்கே மாலை நேராக வைகறையில் போய்ச் சேர்ந்துவிடும், நடுவில் ஒன்றுமில்லை. குறிஞ்சிக்கு உரிய பொழுது யாமம் என்றார்கள். மலையில் கிடந்து பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வடக்கே வானத்தின் அடியில் ஒரு மங்கல் வெளிச்சம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து விளக்குகள் என்றார் பெரியவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது இல்லையாம். எங்கள் தெருவிலும் இப்போது கண்ணைப் பறிக்கிற வெள்ளை விளக்கு, ராத்திரி முழுக்க ஜன்னல் வழியாக அம்மாவின் கட்டில்மேல் விழுகிறது. இவ்வளவு இருட்டை வைத்துக்கொண்டிருக்கிற நாம் அதை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று எனக்கு வயிறு எரிகிறது. விளக்கு வேண்டும், பெண்கள் நடக்க வேண்டும். அதற்கு மூடி போட்டுக் கீழே பார்த்து எரியவிடலாம், நட்சத்திரத்துக்கு எதற்கு வெளிச்சம்?

பத்தரைக்குப் படுத்தேன். ஐந்தரை வரை ஒரு கனவுகூட ஞாபகமில்லை.

மே 18

நேற்று திரும்பிவிட்டோம். இன்று காலை லாங்கு பஜாரில் கனத்த கறுப்புத் துணி பதினோரு மீட்டர் எடுத்தேன். தையற்காரர் எதற்கு என்றார். ஜன்னலுக்கு என்றேன். கறுப்பா, வீட்டுக்கா என்று அம்மாவைப் பார்த்தார். அம்மாவே சொன்னாள்: "அங்க ராத்திரி வராது. நாம ஒண்ணு தைச்சுக் குடுக்கணும்."

அம்மாவுக்கும் ஒரு தூக்கக் கணக்கு இருப்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. எட்டு மணிக்கே கண் சொக்கிவிடுகிறது. ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு முழிப்பு. அதற்குப் பிறகு விடிகிற வரை சும்மா கிடப்பாளாம். அப்பா போனதிலிருந்து என்றாள். அந்தத் துக்கமும் இருக்கும், வயதும் இருக்கிறது. வயதானால் உள்கடிகாரம் முன்னே நகர்ந்துகொள்வது உண்டு. அம்மா மதியத்திலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள், அந்தி வெளிச்சமே கண்ணில் படுவதில்லை. எனக்கு அங்கே கேடு செய்கிற அதே மாலை வெளிச்சம் அவளுக்கு மருந்தாகலாம், கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னே இழுக்கும். தெருவிளக்குப் பக்கத்து ஜன்னலுக்கு மிச்சத் துணியில் ஒரு திரை போட்டேன். ஐந்தரைக்கு வெயில் தணிந்ததும் நாற்காலியை மெத்தைக்குக் கொண்டுபோய் மேற்கே பார்த்துப் போட்டேன்.

முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். பூ கட்டக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறரை மணிக்குச் சூரியன் மலைவிளிம்பைத் தொட்டபோது நார் கையிலேயே நின்றது.

"இன்னிக்கு அங்க எத்தினி மணிக்குப் பொழுது போவும்?"

"ஒன்பதரை வாக்குல."

"அது நமக்கு எத்தினி?"

"ராத்திரி ரெண்டு."

கொஞ்சம் யோசித்தாள். "நான் முழிச்சிக்கினு கெடக்கச் சொல்ல அங்க அந்தியா?"

"ஆமாம்மா."

"இனிமே ஏழு மணிக்கு ஏத்தாத. மெய்யாலுமே பொழுது போவச் சொல்ல ஏத்து. நான் முழிச்சினு இருந்தா இங்கேந்து நெனச்சிக்கறேன். தூங்கிட்டேன்னா வுட்டுடு."

பிறகு விளக்கேற்ற எழுந்து கீழே போனாள். நானும் மகனும் அங்கேயே நின்றோம், தெருமுனை மரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை.